நாலு விளக்கும் ஒரு ஆமெனும்

அந்த வருஷம் குடியரசு தினம் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு. காலண்டரில் அந்த மூன்று கட்டங்களையும் பார்த்த மாத்திரத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சேலையூர் சத்தியநாதன், வயது நாற்பத்திரண்டு, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, ஜவ்வாது மலைக்குப் போகப்போகிறான். சொந்த ஜீப்பில் போகிறான். சம்சாரம் இல்லாமல் போகிறான்.

இதில் கடைசி வாக்கியத்தைச் சம்சாரத்திடம் இன்னும் சொல்லவில்லை.

ஜீப் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ராணுவம் போதும் என்று ஏலத்தில் கழித்துவிட்ட வண்டி, ஒரு புரோக்கர் மூலமாக என்னிடம் வந்து சேர்ந்தது. மேலே கித்தான். பக்கத்தில் கதவு கிடையாது. ஸ்டார்ட் பண்ணினால் சானடோரியம் ஸ்டேஷனில் நிற்பவர்கள் ரயில் வருகிறது என்று பையைத் தூக்கிக்கொள்வார்கள். முன்னே எந்தெந்த எல்லையில் ஓடியதோ தெரியாது. என்னிடம் வந்த பிறகு அது பார்த்த கடினமான பிரதேசங்கள் கேம்ப் ரோடும் வேளச்சேரி ரோடும்தான். அந்த இரண்டிலும் மழைக்காலத்தில் ஓட்டியவனுக்கு மலை ஒரு பொருட்டா என்பது என் கட்சி. என் மனைவி தபீதாள் அதைக் கோழிக்கூண்டு என்பாள். மழை பெய்தால் அதற்குள் உட்காருவதைவிட வெளியே நிற்பது மேல் என்பாள். அது உண்மை என்பதுதான் சங்கடம்.

மலை யோசனை பக்கத்து வீட்டுக் குப்புராஜுடையது. அவர் குடும்பம் பரம்பரையாக இந்த ஊர். அவர்கள் அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது பிளாட் விளைகிறது. ஆகவே குப்புராஜிடம் நல்ல ஜீப் ஒன்று இருந்தது, ஓய்வு நிறைய இருந்தது, ஜீப் வைத்திருக்கும் சிநேகிதர்களும் இருந்தார்கள். காலையில் கிளம்பினால் மத்தியானம் மலையடிவாரம். அங்கிருந்து ரோடே இல்லாத இடத்தில் ஏறி, ஓடைக்குள் இறங்கி, இருட்டியபிறகு காட்டுப்பாதையில் மெதுவாக ஊர்ந்து போய், கூடாரம் அடித்துத் தங்கல். காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு அவர் இதைச் சொல்லச் சொல்ல, என் இடது கால் இல்லாத கிளட்சை மிதித்தது. ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். உங்க வண்டில கீற ரெண்டு லைட்டும் மெழுகுவத்தி கணக்கா கீது. மலைல வேலைக்காவாது. மேல பார் அடிச்சி நாலு எக்ஸ்ட்ரா லைட்டு மாட்டுங்க. இல்லாங்காட்டி வர வேணாம். போன வாட்டி ஒருத்தரை ஓடைலேர்ந்து கயிறு கட்டி இஸ்துகினு வந்தோம். பேஜாரா பூட்ச்சி."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. லைட். நாலு லைட். மின்சார ரயிலில் போகும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற லாரிகளின் நெற்றியைப் பார்த்தேன். பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்தேன். தூரத்துக்குப் போகும் வெளிச்சத்துக்கு ஸ்பாட் என்று பெயர், பக்கவாட்டில் பரவும் வெளிச்சத்துக்கு ஸ்ப்ரெட் என்று பெயர், பனிமூட்டத்துக்கு மஞ்சள் கண்ணாடி என்றெல்லாம் கரைத்துக் குடித்தேன். இரண்டு ஸ்பாட், இரண்டு மஞ்சள். இதுதான் என் தேர்வு. ஆபீஸில் பாலிசிதாரர் ஒருவர் கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டதற்கு, பம்பருக்கு மேலே என்று பதில் சொன்னேன்.

தபீதாளுக்கும் அந்த மாதம் வேறொரு நினைப்பு. அவள் குரோம்பேட்டையில் கணக்கு டீச்சர். எங்கள் சபையின் மாதர் சங்கச் செயலாளர். பிப்ரவரியில் எங்கள் பிஷப்பின் பேராயத்து மாதர் சங்கங்களுக்கெல்லாம் பூப்பந்துப் போட்டி நடக்க இருந்தது. எங்கள் சபைப் பெண்களும் பேர் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம், ஆபீஸ், அடுப்பு எல்லாம் முடித்துவிட்டு அவர்கள் சர்ச் மைதானத்துக்கு வந்து வலை கட்டும்போது சூரியன் வீட்டுக்குக் கிளம்பிவிடும். மைதானத்துக்கு விளக்கு போடச் சொல்லிச் சபைக் கமிட்டியிடம் கேட்டார்கள். கமிட்டியில் நானும் உண்டு. பெண்கள் கொஞ்சம் சீக்கிரம் வந்து ஆடிக்கொள்ளலாமே என்று நாங்கள் ஆண்களெல்லாம் உட்கார்ந்து ஏகமனதாகத் தீர்மானித்தோம். இரண்டு நாள் எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு இல்லை. மூன்றாம் நாள் உப்பு வந்துவிட்டது. விஷயம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது லைட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும். ஜவ்வாது மலை என்று சொன்னால் கிடைக்காது. அதனால் ஒரு திட்டம் போட்டேன். மதுராந்தகம் பக்கத்தில் என் மாமியார் ஊருக்குப் போகிற வழி ஏரிக்கரை மேல் போகிறது. ஒரு விளக்கு கிடையாது. தாய்வீட்டைச் சொன்னால் உருகாத பெண் உண்டா? தபீதாள் முற்றத்தில் பூப்பந்து மட்டையின் நரம்பை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து ஆரம்பித்தேன்.

"தபீ, உங்கம்மா ஊர் ஏரிக்கரை எவ்வளவு இருட்டு தெரியுமா?"

"தெரியாம? அங்கதானே பொறந்தேன்."

"நம்ம வண்டி வெளிச்சத்துல அதுமேல போறது ஆபத்து. நாலு லைட் எக்ஸ்ட்ரா போட்டுட்டா, சாயங்காலம் கிளம்பினாக்கூட உங்கம்மாவைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"நீங்க எங்கம்மாவைப் பார்க்கக் கடைசியா எப்ப வந்தீங்க?"

"அதான் சொல்றேன். லைட் இல்லாமதான் வரல."

தபீதாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விடை சரியாக இருந்து வழிமுறை எழுதாத பையனை அவள் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு மட்டையைக் கீழே வைத்தாள். வாங்கலாம் என்றாள். ஆனால் கடைக்குத் தானும் வருவேன் என்றாள்.

நான் அவள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுகூடச் செலவாகவில்லை. புத்தியுள்ளவன் அப்போதே பயந்திருப்பான். நான் குளியலறைக்குள் போய் விசிலடித்தேன்.

சனிக்கிழமை குரோம்பேட்டையில் பத்ரிநாராயணன் கடைக்குப் போனோம். நெற்றி நிறைய நாமமும் கடை நிறைய கார் சாமான்களுமாக இருப்பவர். ஒரு சுவர் பூராவும் விளக்குகள். வட்டம், சதுரம், மஞ்சள், வெள்ளை, கொசுவலை போட்ட மாதிரி கம்பி வலை போட்டவை. ஒரு பேட்டரியைத் தரையில் வைத்து அவர் ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டினார். ஒன்று எரியும்போது அதுதான் வேண்டும் என்று தோன்றும். அடுத்தது எரிந்ததும் முந்தியது கைவிளக்கு மாதிரி ஆகிவிடும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு படபடப்பு இல்லை. அதைத் தபீதாளிடம் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு நிதானம் மட்டும் பாக்கி இருந்தது.

"ரெண்டு மஞ்சள் எடுங்க" என்றேன்.

"மஞ்சள் வேணாம்" என்றாள் தபீதாள். "வெள்ளை."

பனியில் மஞ்சள்தான் ஊடுருவும் என்று விளக்கினேன். மதுராந்தகத்தில் ஏது பனி என்று கேட்டாள். அவள் அம்மா ஊரில் பனி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் எல்லோருக்கும் காமாலை வந்த மாதிரி தெரியும் என்று வேறு சொன்னாள். வெள்ளை முடிவாயிற்று.

"அப்ப ரெண்டு ஸ்பாட் கண்டிப்பா வேணும். ஒரு மைல் தூரம் அடிக்கும், தபீ."

"ஒரு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதைப் பார்த்து நாம என்ன செய்யப்போறோம்? பக்கத்துல இருக்கிற பள்ளம்தானே ஆளைக் கவுக்கும்? நாலும் பரவி அடிக்கிறதாவே இருக்கட்டும்."

பத்ரிநாராயணன் என்னைப் பார்த்து, மேடம் சொல்றதுதான் சார் பாயிண்ட் என்றார். வியாபாரி யார் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை தபீதாள். விளக்கு மாட்டுகிற கம்பி எவ்வளவு உயரம் வரும் என்று விசாரித்தாள். அது போதாது, இன்னும் இரண்டடி தூக்க வேண்டும், எதிரே இருப்பவர்களுக்குக் கண் கூசக்கூடாது என்றாள். எதிரே வருகிற முன்பின் தெரியாத லாரிக்காரன் கண்ணுக்குக்கூட இரக்கப்படுகிறாளே என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. கடைசியில் ஒன்று கேட்டாள்.

"வண்டி நின்னுகிட்டே இருந்தா இதெல்லாம் எவ்வளவு நேரம் எரியும்?"

"சும்மா நின்னா பேட்டரி சீக்கிரம் படுத்துரும் மேடம். இன்ஜின் ஓடணும். ஒருத்தர் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்திக்கிட்டே இருந்தா எத்தனை நேரம் வேணும்னாலும் எரியும்."

"அதுக்கு இவர் இருக்கார்" என்றாள் தபீதாள்.

என்மேல் அவளுக்கு உள்ள நம்பிக்கையை நினைத்துக் கடைக்காரருக்கு முன்னால் நான் கூச்சப்பட்டேன்.

விளக்குகள் ஏறின. அன்று சாயங்காலம் தெருவில் வண்டியை நிறுத்தி சுவிட்சைத் தட்டினேன். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்? எங்கள் தெரு தீபாவளியில்கூட அப்படி இருந்ததில்லை. கோடி வீட்டுத் துணிக்கொடியில் காய்ந்த பனியனில் இருந்த ஓட்டை தெரிந்தது. மரத்துக் காக்கைகள் விடிந்துவிட்டது என்று எழுந்து கத்தின. குப்புராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், தூரமா போற லைட்டு ஒண்ணுகூட இல்லியே. கல்யாண மண்டபம் கணக்கா பரவி அடிக்குது. கம்பி இன்னாத்துக்கு இம்மாம் ஒசரம்?"

எதிராளிக்குக் கண் கூசக்கூடாது என்றேன். மலையில் எதிரே கரடிதான் வரும் என்றார். ஆனாலும் நாலு என்றால் நாலு, நீங்களும் வண்டியும் சேர்ந்தாச்சு, வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறோம் என்று கையைக் குலுக்கினார். அந்த நிமிஷத்தில் எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தேன் என்று பக்கத்து வீடுகளில் பேச்சு.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குக் கிளம்பும்போது தபீதாள் மெதுவாகச் சொன்னாள். புதுசா மாட்டியிருக்கோம், ஐயரைக் கூப்பிட்டு ஒரு ஜெபம் பண்ணிட்டு அப்புறம் எடுக்கலாமே. எங்கள் சபையில் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். புது சைக்கிள், புது மிக்ஸி, புதுச் செருப்பு எது வாங்கினாலும் ஞானையா ஐயர் கை வைத்து ஜெபித்த பிறகுதான் உபயோகிப்பது எங்களவர்கள் வழக்கம். மலையேறப்போகிற வண்டிக்கு ஜெபம் நல்லதுதானே. எனக்கும் சபைக்கு முன்னால் அந்த நாலு விளக்கையும் காட்ட வேண்டும் என்று ஆசை. உடனே சரி என்றேன்.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஜீப்பைச் சுற்றிச் சபையே கூடிவிட்டது. மாதர் சங்கம் முன்வரிசையில். நான் ரேடியேட்டரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஞானையா ஐயர் கண்ணை மூடினார். எல்லோரும் மூடினோம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆமென் சொல்வதில் எனக்கு எங்கள் சபையில் நல்ல பேர் உண்டு. ஐயர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் என் ஆமென் கணீரென்று விழும். கண்ணை மூடியதும் எனக்குக் காதும் பாதி மூடிக்கொள்ளும். வாய் மட்டும் அதன் வேலையை அது பார்க்கும். அன்றைக்கு என் மனசு வேறு ஜவ்வாது மலையில் பாதி ஏறியிருந்தது.

"கிருபையுள்ள ஆண்டவரே, இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்."

"இந்த வாகனத்துக்காகவும் இதில் பொருத்தியிருக்கிற நாலு விளக்குகளுக்காகவும் ஸ்தோத்திரம்."

"ஆமென்." இது தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

"இவற்றைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் பூப்பந்துப் பயிற்சி எடுக்கும்படி மனமுவந்து கொடுத்திருக்கிற உமது அடியான் சத்தியநாதனுக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காது திறந்தது. ஒரு கண்ணையும் திறந்தேன். எதிரே தபீதாள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

"போட்டி முடிகிற நாள் வரைக்கும், ஓய்வுநாளாகிய ஞாயிறு நீங்கலாக, தினந்தோறும் சாயங்காலத்தில் அவரே வண்டியில் அமர்ந்து வெளிச்சம் தரும்படிக்கு, அவருக்கு நல்ல சுகத்தையும் கால்களில் பெலத்தையும் தந்தருளும்."

இங்கே ஐயர் மூச்சு வாங்கினார். சபை பூராவும் என் ஆமெனுக்காகக் காத்திருந்தது. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய முடியும்? ஜெபத்தை நடுவில் நிறுத்தி, ஐயா, ஒரு சின்னத் திருத்தம் என்று சொன்னவன் எங்கள் வம்சத்தில் கிடையாது. எதிர்த்துப் பேசலாம் என்றால், அவர் பேசிக்கொண்டிருப்பது என்னிடம் இல்லை. கமிட்டியில் வந்திருந்தால் ஒத்திப்போட்டிருப்பேன், துணைக்கமிட்டி போட்டிருப்பேன். இது நேரே மேலிடத்துக்குப் போய்விட்டது.

"ஆ... மென்" என்றேன். பல்பு பியூஸ் போகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கண் திறந்ததும் கமிட்டிக்காரர்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். ஞானையா ஐயர் என் தோளைத் தட்டினார். உங்க வீட்டம்மா போன வாரமே எல்லாம் சொன்னாங்க, நீங்க வெளியே சொல்லிக்க வெட்கப்படுவீங்கன்னும் சொன்னாங்க என்றார். போன வாரம் என்றால் கடைக்குப் போவதற்கு முன்னால். நான் தபீதாளைத் தேடினேன். அவள் முன்வரிசைப் பெண்களுக்கு விளக்குக் கம்பியின் உயரத்தைச் சுட்டிக்காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் ஜீப்பில் உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடியது. வலது கால் ஆக்ஸிலேட்டரில். சுவிட்சைத் தட்டியதும் மைதானம் பகலாயிற்று. ஒரு கோட்டிலிருந்து மறு கோடு வரைக்கும், ஒரு அங்குலம் கூடாமல் குறையாமல், வெளிச்சம் பரவி நின்றது. உயரத்திலிருந்து விழுந்ததால் ஆடுகிறவர்கள் யாருக்கும் கண் கூசவில்லை. தபீதாள் பந்தைத் தூக்கிப் போட்டாள். பூப்பந்து கம்பளி நூலால் செய்தது. அதன் நிறம் மஞ்சள். மஞ்சள் விளக்கு வேண்டாம் என்றது ஏன் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கத் தேவைப்படவில்லை.

கோபமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் போனேன். முடியவில்லை. என் விளக்கில் அந்தப் பந்து பறக்கிற அழகே அழகு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரத்தினபாய் டீச்சர் பின்கோட்டைக் காத்து நிற்க, நடுவில் நின்ற தபீதாள் துள்ளி அடித்தாள் பாருங்கள், எதிர்ப்பக்கம் ஒருத்தியும் அசையவில்லை. பதினாறு வருஷமாக எனக்கு இட்லி போட்ட கையா இது என்று வாயைப் பிளந்தேன். பெருமை தாங்கவில்லை. கால் தானாக அழுந்திவிட்டது. இன்ஜின் அலறியது. விளக்கை ஏத்தி இறக்காதீங்க என்று என் மனைவி மைதானத்திலிருந்து அதட்டினாள்.

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. என் வலது காலில் ஆடுசதை கல்லாகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் குப்புராஜ் கூடாரத்தை வெயிலில் விரித்துப் போட்டிருந்ததைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டே இரண்டு நாள்தானே, ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று துணிந்தேன். மாமியார் ஊரையெல்லாம் விட்டுவிட்டு உண்மையையே சொன்னேன்.

"தபீ, குப்புராஜ் நாளைக்குக் காலைல ஜவ்வாது மலைக்குப் போறார். மூணு நாள். நானும் வர்றேன்னு சொல்லியிருந்தேன்."

"தெரியுமே. அவர் சம்சாரம் சாமுண்டீஸ்வரி போன மாசமே சொல்லிட்டா."

அவளுக்கு எப்போதிலிருந்து என்ன தெரியும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கணக்கு அவள் பாடம்.

"போகட்டுமா?"

"போங்களேன். நான் எதுக்குத் தடுக்கப்போறேன்? ஆசையா லைட்டெல்லாம் மாட்டியிருக்கீங்க. சப்பாத்தி பண்ணித் தர்றேன், எலுமிச்சங்காய் ஊறுகாய் எடுத்துக்குங்க, மலைல குளிரும், ஸ்வெட்டரும் வச்சுக்குங்க."

நான் காதை நம்பவில்லை. ஓடிப்போய் சுவருக்கு மேலே எட்டி, குப்புராஜைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். என் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனைவியிடமா நான் பொய் சொல்லி லைட் வாங்கினேன் என்று திரும்பி அவள் கையைப் பிடிக்கப் போனேன். தபீதாள் மாவு பிசைகிற கையோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"மூணு நாளும் தாராளமா போயிட்டு வாங்க. வெள்ளியும் சனியும் மட்டும் இருட்டறதுக்குள்ள கிரவுண்டுக்கு வந்துடுங்க."